சேர்ந்தவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? – குமரி மாவட்ட வாசகர்களின் கல்விக் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, சபைகளும் மறைமாவட்டங்களும் பிற சமய அமைப்புகளும் நடத்தும் சிறிய கல்லூரிகளைப் பற்றியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு பெற்றிருந்த மாவட்டம் இது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று இங்கிருந்து ஒருவரும் எழுதவில்லை. அனுப்பிய பிள்ளை உரிய காலத்தில் பட்டம் பெறுமா, பெற்றபின் என்ன சம்பாதிக்கும் என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருக்கிறது. கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் மகளை எங்கள் பகுதியில் சபை நடத்தும் ஒரு சிறிய கல்லூரியில் பி.காம். சேர்க்க நினைக்கிறோம். அவர்கள் தந்த புத்தகத்தில் ‘தேர்ச்சி 96 சதவீதம், வேலைவாய்ப்பு 100 சதவீதம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். இன்னொரு பெண்ணுக்கு நான்கு பாடம் அரியர் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது பொய்யா? – ஒரு தாய், கருங்கல்

பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, அம்மா. அந்த இரண்டு எண்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் மகளுக்கு என்ன நேரும் என்பதை அவை சொல்லாமல் போகலாம். எத்தனை பேரில் 96 சதவீதம், எத்தனை பேரில் 100 சதவீதம் என்பது அச்சடிக்கப்படவில்லை. அதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள். முதலாண்டு முடிவதற்குள் ஆறு பேர் விலகுகிறார்கள்: ஒருத்திக்கு நர்சிங் இடம் கிடைத்துவிட்டது, ஒருவனுக்கு ஐ.டி.ஐ.யில் சேரத் தோன்றிவிட்டது, வேறொருவனின் தந்தை படுத்துவிட்டதால் கடையைப் பார்க்க ஆள் இல்லை. இரண்டாம் ஆண்டில் திருமணம், வெளிநாட்டு விசா என்று மேலும் நான்கு பேர் போகிறார்கள். இறுதிப் பருவத் தேர்வை 50 பேர் எழுதி 48 பேர் தேறுகிறார்கள். புத்தகத்தில் 96 சதவீதம் என்று வந்துவிடுகிறது. அந்த 48 பேரில் 12 பேருக்கு முந்தைய பருவங்களின் அரியர் பாக்கி இருப்பதால், மூன்றே ஆண்டுகளில் பட்டச் சான்றிதழுக்குத் தகுதி பெறுபவர்கள் 36 பேர். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் இது 60 சதவீதம். வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிவு செய்தவர்கள் 14 பேர் என்றும், 14 பேருக்கும் வேலை ஆணை கிடைத்தது என்றும் வைத்துக்கொண்டால் அதற்கு 100 சதவீதம் என்று பெயர். அதே 14 பேரை 60க்குக் கணக்கிட்டால் 23 சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

விலகிய பத்துப் பேரும் கல்லூரியின் தவற்றால் விலகினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நர்சிங் இடம் கிடைத்துப் போன பெண்ணுக்கு அது நல்ல காரியம். ஆனால் எத்தனை பேர் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிந்த கல்லூரிக்கும், அப்படி ஒரு கணக்கே வைத்துக்கொள்ளாத கல்லூரிக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இந்தக் கணக்கைப் பார்க்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் – இதைச் சுருக்கமாக என்.ஐ.ஆர்.எஃப். என்பார்கள், முதல் பட்டியல் 2016இல் வெளிவந்தது – தாங்கள் அனுப்பிய விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட்டாக வேண்டும். முகப்புப் பக்கத்திலேயே அந்தச் சுருக்கப் பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் வரும் கோப்பில், மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கென ஓர் அட்டவணை உண்டு. ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக, அந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள், உண்மையில் சேர்ந்தவர்கள், மூன்றாண்டு கழித்து உரிய காலத்துக்குள் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களுடைய ஆண்டுச் சம்பளத்தின் இடைநிலை அளவு, மேற்படிப்புக்குச் சென்றவர்கள் என்று எண்கள் நிற்கும். சம்பளத் தொகையை எண்ணில் எழுதியதோடு பக்கத்தில் எழுத்தாலும் எழுதியிருப்பார்கள்.

அந்த வரிசையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல. சேர்ந்தவர்களின் எண்ணையும் உரிய காலத்தில் முடித்தவர்களின் எண்ணையும் பாருங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தாலே புத்தகத்தில் இல்லாத விடை கிடைத்துவிடும். அடுத்து, வேலை பெற்றவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கூட்டி, முடித்தவர்களின் எண்ணிலிருந்து கழியுங்கள். மீதமிருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்பது சேர்க்கை மேசையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே ஓர் ஆண்டை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மூன்று ஆண்டு வரிசைகளையாவது பாருங்கள். அந்த விவரங்கள் கல்லூரி தானே எழுதி அனுப்பியவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டவணை மூன்றாண்டுப் படிப்புகள் அனைத்தையும் ஒரே வரிசையில் சேர்த்துவிடுகிறது. பி.ஏ. தமிழும் பி.காமும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒன்றாகக் கலந்துவிடும். அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் கலந்துவிடும். ஆகவே பி.காம். துறைக்கு மட்டும் சேர்ந்தவர், முடித்தவர் எண்ணிக்கையைத் தனியே கேளுங்கள். துறைத் தலைவரின் மேசையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. முதலாண்டுப் பட்டியலையும் மூன்றாமாண்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிட வேலை. சொல்ல மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்லூரியில் கேட்டால் ‘இது எங்கள் உள்விவகாரம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் மதக் கல்லூரிகளுக்குப் பொருந்துமா? – வாசகர், குலசேகரம்

யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதே இங்கே முக்கியம். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்புகளே என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில், டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு கொடுக்கும் உதவி பெறும் கல்லூரியிடம் நீங்கள் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம்; முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மாணவர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள். துறைவாரியாகச் சேர்ந்தவர், உரிய காலத்தில் முடித்தவர் என்ற எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். முழுக்க முழுக்கச் சுயநிதியில் நடக்கும் கல்லூரியிடம் இந்த வழி எளிதாகச் செல்லாது. அங்கே அவர்கள் வெளியிட்ட தரவரிசை விவரமும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு அளித்த சுய மதிப்பீட்டு அறிக்கையும் உங்களுக்கு உதவும். மாணவர் தேர்ச்சியும் வேலைவாய்ப்பும் மேற்படிப்பும் அந்த அறிக்கையில் தனித்தனித் தலைப்புகளாகவே இருக்கும்.

இரண்டு கல்லூரிகளின் தரவரிசை அட்டவணையைப் பார்த்தேன். ஒன்றில் இடைநிலைச் சம்பளம் 2,40,000 ரூபாய், இன்னொன்றில் 1,80,000. முதல் கல்லூரியில் சேர்த்தால் பையனுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், தக்கலை

எடுத்துக்கொள்ள முடியாது, ஐயா. முதலில் இடைநிலை அளவு என்பதன் நல்ல குணத்தைச் சொல்கிறேன். சம்பளங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவரின் சம்பளத்தை எடுத்தால் அது இடைநிலை. ஒன்பது பேர் வேலைக்குப் போனார்கள் என்றும், அவர்களில் எட்டுப் பேருக்கு மாதம் 15,000, ஒருவருக்கு மட்டும் 1,05,000 என்றும் வைத்துக்கொண்டால், சராசரி 25,000 வரும்; இடைநிலை 15,000தான் வரும். வளைகுடாவுக்குப் போன ஒரே ஒரு முன்னாள் மாணவரின் சம்பளத்தைக் காட்டி எல்லோரும் அப்படிச் சம்பாதிப்பதாக நம்பவைப்பதை இந்த அளவு தடுக்கிறது.

ஆனால் அது வேலை பெற்றதாகக் கணக்கு காட்டப்பட்டவர்களின் இடைநிலை மட்டுமே. முதல் கல்லூரியில் 200 பேர் முடித்து 20 பேருக்கு வேலை கிடைத்து, இரண்டாவதில் 200 பேர் முடித்து 120 பேருக்குக் கிடைத்திருந்தால், நான் என் பிள்ளையை இரண்டாவதில்தான் சேர்ப்பேன். தொகையைப் பார்க்கும் முன் பக்கத்துக் கட்டத்தில் உள்ள ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆணையில் எழுதிய தொகையும் கைக்கு வரும் தொகையும் ஒன்றாகவும் இருப்பதில்லை. 2,40,000 என்பது நிறுவனம் ஒரு ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகையாக இருந்தால், நிறுவனம் கட்டும் வைப்புநிதிப் பங்கும் அதற்குள் அடங்கியிருக்கும். ஊழியரின் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வேறு பிடிப்பார்கள். அந்த வேலை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மீதம் என்ன என்று பாருங்கள். நாகர்கோவிலில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் வேலைக்கு 1,80,000 என்றால், வீட்டுக்கு நிற்கும் பணம் அங்கே அதிகமாகவே இருக்கக்கூடும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய சில வழக்கங்களையும் அந்த எண்ணால் பிடிக்க முடிவதில்லை. பட்டம் முடித்ததும் பி.எட். சேர்பவர்கள் மேற்படிப்புக் கட்டத்துக்குள் போய்விடுவார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கும் வங்கித் தேர்வுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்து படிப்பவர்கள் எந்தக் கட்டத்திலும் இருக்க மாட்டார்கள். பின்னால் அவர்களுக்கு வேலை கிடைத்தாலும் அந்தக் கல்லூரியின் கணக்கில் ஏறாது. மாமா இருக்கும் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ ஓராண்டு கழித்துப் போகிறவரும் அப்படித்தான். கத்தோலிக்கக் கல்லூரிகளின் சில வகுப்புகளில் அருட்சகோதரிகளும் குருமாணவர்களும் படிக்கிறார்கள். பட்டத்துக்குப் பின் அவர்கள் சபையின் பணிக்கே திரும்புகிறார்கள்; அவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று இராது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர் இப்படி இருந்தால் வேலைவாய்ப்புச் சதவீதம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். அதைக் கல்லூரியின் குறையாக எழுதுவது நியாயம் ஆகாது. அவர்களைத் தனியாகக் காட்டிவிட்டுக் கணக்கைச் சொல்லும் கல்லூரியை நான் மதிப்பேன்.

என் மகன் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. லீவில் அவனுடைய சித்தப்பாவின் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்ப் பங்குப் பணம் கொண்டுவந்தான். இப்போது, படித்து முடித்தாலும் இவ்வளவு சம்பளம் கிடைக்காது, நிறுத்திவிடுகிறேன் என்கிறான். நானும் கடலில் போனவன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. – ஒரு தந்தை, தூத்தூர்

உங்கள் மகன் சொல்லும் கணக்கில் உண்மை இருக்கிறது. பட்டதாரிக்குக் கிடைக்கும் முதல் வருடச் சம்பளத்தைவிட ஒரு நல்ல ஓட்டத்தின் பங்கு அதிகமாக இருக்கலாம். அதை மறுத்துப் பேசினால் அவன் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். ஆனால் அவன் ஒப்பிடுவது ஒரு நல்ல ஓட்டத்தை, ஒரு மோசமான முதல் வேலையோடு. மீன் படாத ஓட்டமும், டீசல் கடன் ஏறும் ஓட்டமும், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் உங்கள் கரை ஊர்கள் இழந்தவையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்ல முடியும்.

கடலைத் தொழிலாக எடுப்பது அவனுடைய உரிமை; அதில் தாழ்வும் இல்லை. என் கவலை வேறு. நான்கு பருவம் முடித்து இரண்டு பருவம் விட்ட படிப்புக்கு வேலைச் சந்தையில் பெரும்பாலும் பிளஸ் டூவுக்கு உள்ள மதிப்புதான். அவன் இதுவரை செலவிட்ட காலமும் நீங்கள் கட்டிய கட்டணமும் மிச்சமிருக்கும் ஓராண்டில்தான் பட்டமாகத் திரும்பி வரும். ஆகவே எப்படியானாலும் மாற்றுச் சான்றிதழை இப்போது வாங்கிவிட வேண்டாம். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. புதிய கல்வியாண்டும் அந்த நாட்களில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவனைத் துறைத் தலைவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இடையில் படிப்பை நிறுத்திவைத்துப் பின்னர் அதே வகுப்பில் மீண்டும் சேர வழி உண்டா, அதற்குப் பல்கலைக்கழக அனுமதி எப்படி வாங்குவது, வருகைக் குறைவுக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டே கடலுக்குப் போகட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுகிறானா என்றும் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து அது கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் என் அண்ணன் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் முடிப்போர் 52 சதவீதம், முன்னாள் மாணவர்களின் வருமானம் இவ்வளவு என்று அந்நாட்டு அரசின் தளத்தில் இருக்கிறது. பாதிப் பேர் முடிப்பதே இல்லையா? நம்பி அனுப்பலாமா? – வாசகி, மார்த்தாண்டம்

அந்த நாட்டில் இந்தக் கணக்கு சட்டப்படி எடுக்கப்படுகிறது. மாணவரின் அறியும் உரிமைக்கென 1990இல் அங்கே ஒரு சட்டம் வந்தது; மத்திய அரசின் நிதியுதவியை வாங்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டம் முடிப்போர் விகிதத்தை வெளியிட்டாக வேண்டும். முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு, படிப்புக் காலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள், அதாவது நான்காண்டுப் படிப்பானால் ஆறாண்டுக்குள், அதே கல்லூரியில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள்.

இதில் மூன்று செய்திகளை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாண்டு முடிந்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவரும் பழைய கல்லூரியின் கணக்கில் முடிக்காதவரே. செலவு குறைந்த சிறிய கல்லூரியில் தொடங்கி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அங்கே சாதாரணம். ஆகவே 52 சதவீதம் என்றால் மற்ற 48 சதவீதத்தினர் படிப்பையே விட்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. பகுதிநேரமாகப் படிப்பவர்களும், வேறு கல்லூரியிலிருந்து இடையில் வந்து சேர்ந்தவர்களும் அந்தத் தொகுதிக்குள் வருவதே இல்லை. மதக் கல்லூரிகளுக்குப் பொருந்தும் இன்னொரு விதியும் உண்டு: இறந்தவர்கள், நிரந்தர ஊனமுற்றவர்கள், இராணுவத்துக்குச் சென்றவர்கள் ஆகியோரோடு, திருச்சபையின் அதிகாரபூர்வமான ஊழியப் பயணத்துக்குச் சென்றவர்களையும் கல்லூரி அந்தக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். தொகுதியில் நாற்பது பேர்தான் என்றால் ஒருவர் போனாலும் வந்தாலும் சதவீதம் இரண்டரை புள்ளி அசையும். சதவீதத்தின் பக்கத்தில் ஆள் எண்ணிக்கை என்ன என்று பார்க்காமல் அதை வைத்து அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

வருமானத்தைப் பற்றிய எண் உங்கள் அண்ணன் மகனுக்கு இன்னும் தூரம். 2015இல் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளத்தில் வருமான விவரம் சேர்க்கப்பட்டது. அது மத்திய அரசின் கடனோ உதவித்தொகையோ பெற்ற மாணவர்களின் வருமானத்தை, வரித் துறையின் பதிவுகளிலிருந்து எடுத்துச் சொல்கிறது. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த நிதியுதவி கிடையாது என்பதால், அவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இருக்க மாட்டார். கல்லூரி முழுமைக்கும் காட்டப்படும் தொகையில், சேர்ந்து பத்தாண்டு ஆனவர்களுள் பட்டம் முடித்தோரும் முடிக்காதோரும் சேர்ந்தே இருக்கிறார்கள். பாடப்பிரிவு வாரியான தொகை முடித்தவர்களுக்கு மட்டும் உரியது. கொள்கை காரணமாக மத்திய நிதியுதவியை வாங்க மறுக்கும் ஹில்ஸ்டேல், குரோவ் சிட்டி போன்ற கல்லூரிகளுக்கு அப்படி ஒரு தொகையைக் கணக்கிடவே வழியில்லை. மிகச் சிறிய துறைகளில், தனிமனிதரை அடையாளம் கண்டுவிடக் கூடும் என்பதற்காக எண்ணையே மறைத்துவிடுவார்கள்.

ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போவோரில் போதகர்களும், பள்ளி ஆசிரியர்களும், சமூகப் பணியாளர்களும் அதிகம் இருந்தால் அதன் வருமான எண் பொறியியல் கல்லூரியின் எண்ணைவிடத் தாழ்ந்தே இருக்கும். அவர்கள் அந்தப் பணியை விரும்பித் தேர்ந்தவர்கள். அந்தக் கல்லூரி அதற்கென்றே நடத்தப்படுவது. உங்கள் அண்ணன் மகன் கணினி அறிவியலுக்குப் போகிறான் என்றால், அந்தத் துறையில் எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு எத்தனை வெளிநாட்டு மாணவர்கள் முடித்தார்கள், அவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். படிப்புக்குப் பின் அங்கே பயிற்சி வேலை செய்ய மாணவர் விசாவில் பன்னிரண்டு மாதம் அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. இறையியலுக்கும் நிர்வாகத்துக்கும் பொதுவாக அந்த நீட்டிப்பு கிடைக்காது. வங்கிக் கடன் வாங்கி அனுப்புகிற குடும்பத்துக்கு, பன்னிரண்டுக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள வேறுபாடு கடனை அடைப்பதற்கும் அடைக்க முடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடாக ஆகிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கீகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது தனி அமைப்புகள். அவற்றுள் எவற்றை அரசின் கல்வித் துறை ஏற்கிறது என்பதை அத்துறையின் தளத்தில் காணலாம். சில மாநிலங்களில் மத நிறுவனங்களுக்கு உரிம விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால், பெயரில் பல்கலைக்கழகம் என்று இருந்தும் ஏற்கப்பட்ட அங்கீகாரம் இல்லாத இடங்களும் உண்டு. அங்கீகாரம் தந்த அமைப்பின் பெயர் அந்தத் தளத்தில் இல்லை என்றால், கட்டணச் சலுகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

நாங்கள் இந்துக்கள். மகளுக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வேறு மதப் பிள்ளைகளைக் கடைசிவரை படிக்க விடுவார்களா, பிரார்த்தனைக்குக் கட்டாயப்படுத்துவார்களா என்று மாமியார் கேட்கிறார். – வாசகி, பூதப்பாண்டி

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கம், 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. 1893இல் அது கல்லூரியாயிற்று. அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைகளாக எல்லாச் சமயக் குடும்பங்களும் அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. 1952இல் தொடங்கிய தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகள் படிப்பதும் அப்படியே. சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசு நிதி பெறும் நிலையத்தில் மதத்தை மட்டும் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29ஆம் பிரிவு. அரசு ஏற்பு அல்லது நிதி பெற்ற நிலையத்தில், ஒருவரின் இசைவின்றி மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரவைக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். மகளிடம், அதே துறையில் உங்கள் ஊர்ப் பெண் யாராவது படித்திருந்தால் அவளோடு அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

நான் ஒரு சிறிய சமயச் சார்புக் கல்லூரியில் ஆசிரியை. நீங்கள் சொல்வதுபோல் உண்மைக் கணக்கை வெளியிட்டால் எங்கள் சேர்க்கை குறையும் என்று நிர்வாகம் அஞ்சுகிறது. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, நாகர்கோவில் பகுதி

முதலாண்டின் முதல் பருவத்திலிருந்து தொடங்குங்கள், சகோதரி. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளை ஆங்கிலத்திலும் கணக்குப் பதிவியலிலும் அரியர் வைப்பது அந்தப் பருவத்தில்தான். முடிவு வந்த அன்று ஒன்றும் சொல்லாது. அடுத்த வாரம் ஒரு நாள் வராது. பிறகு பஸ் பாஸைப் புதுப்பிக்காது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு அப்பா வந்து நிற்கும்போது நமக்குத் தெரியவருகிறது. ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் தொலைபேசியில் பேசுவதும், இரண்டு பாடங்களுக்கு மேல் அரியர் உள்ளவர்களுக்கு மாலையில் பஸ் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் வகுப்பு வைப்பதும் செலவில்லாத வேலைகள். சிறிய கல்லூரிக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. நாற்பது பிள்ளைகளின் பெயரும் ஊரும் ஆசிரியருக்குத் தெரியும். ‘ஒவ்வொரு பிள்ளையும் இறைவனின் படைப்பு’ என்று நம்பி நடத்தப்படும் நிறுவனம், விட்டுப்போன பிள்ளையைத் தேடிப் போகவில்லை என்றால் அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு என்று நிர்வாகத்திடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

சம்பளக் கணக்குக்கு, பட்டம் முடித்து இரண்டாண்டு ஆன தொகுதியை எடுங்கள். வேலை ஆணை வாங்கிய மாதத்தில் கேட்கும் சம்பளத்தைவிட அது உண்மைக்கு நெருக்கமானது. எல்லோருக்கும் தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை பேரிடம் பேச முயன்றீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பதில் சொல்லாதவர்களில் வேலை இல்லாதவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பதால், அவர்களை விட்டுவிட்டுச் சொல்லும் இடைநிலை எப்போதும் சற்று உயர்ந்தே நிற்கும். துறவறத்துக்கும் ஊழியத்துக்கும் சென்றவர்கள், வீட்டில் குழந்தையைப் பார்ப்பவர்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

சேர்க்கை குறையுமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். முதலாண்டில் குறையக்கூடும், இதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் யார் முடித்தார், யார் பாதியில் நின்றார் என்பது கோயில் திருவிழாவிலும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்னும் பேசப்பட்டுவிடுகிறது. கருங்கல் தாய்க்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தெரிந்ததுபோல எல்லோருக்கும் யாரையாவது தெரியும். நிர்வாகம் முழுக் கல்லூரிக்கும் சம்மதிக்கவில்லை என்றால், உங்கள் துறைக்கு மட்டும் கடந்த மூன்று ஆண்டுகளின் எண்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த சேர்க்கை நாளில் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட முதல்வரிடம் அனுமதி கேளுங்கள்.